வேங்கடத்தின் அடிவாரத்தில் லாவெண்டர்: எந்த வகை நிலைக்கும்?

ஜம்முப் பகுதியின் தோடா மாவட்டத்திலுள்ள பதர்வாவின் ஊதா நிற வயல்களைத் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ பார்த்திராதவர் இன்று குறைவு. சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் 2016-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய நறுமணப் பயிர்த் திட்டத்தின்கீழ், ஜம்முவிலுள்ள அதன் ஆய்வு நிறுவனம் அங்குள்ள சிறு விவசாயிகளுக்கு லாவெண்டர் நாற்றுகளை வழங்கியது. எண்ணெய் வடிக்கும் கலன்களையும் அமைத்துத் தந்தது. மக்காச்சோளம் விளைந்த மலைச்சரிவுகள் ஊதா நிறம் பூண்டன. 2024-ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்பில் சி.எஸ்.ஐ.ஆர். அலங்கார ஊர்தியும் இந்த வயல்களையே காட்டியது. இத்தகைய காட்சிகளைக் கண்டு, சித்தூரிலும் திருப்பதியிலும் மாடியில் நான்கு தொட்டி வைத்திருக்கும் எவருக்கும் லாவெண்டர் மீது ஆசை எழுவது இயல்பே.

ஆசை தவறன்று. ஆனால் பதர்வாவின் செடி வேறு, நம் மாடிக்கு உரிய செடி வேறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் விதைப் பொட்டலத்துக்குக் கொடுக்கும் பணமும், அதைவிட அருமையான ஓராண்டுப் பராமரிப்பும் வீணாகின்றன. லாவெண்டர் என்பது ஒரு செடியின் பெயரன்று. ஏறத்தாழ நாற்பதுக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஒரு பேரினத்தின் பெயர். அவற்றுள் பனியை வேண்டுவனவும் உண்டு, பாலைவன ஓரத்தில் வளர்வனவும் உண்டு.

பதர்வா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் அங்குப் பனி பொழியும். திருப்பதி நகரமோ 160 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மே மாதத்தில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். இதைக் கேட்டவுடன், 'வெயில்தான் இங்கே லாவெண்டரின் பகை' என்று முடிவு கட்டத் தோன்றும். அது பாதி உண்மை. மத்தியதரைக் கடலோரத்துக் கோடையும் கடுமையானதே. அந்தக் கல்நிலங்களில் மாதக்கணக்கில் மழையின்றி நிற்கும் செடி இது. ஆனால் அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில். வேர் ஈரமாக இருக்கும்போது மண் குளிர்ந்திருக்கும். நம் பகுதியில் நடப்பது இதற்கு மாறானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும். அப்போதும் இரவு வெப்பம் பெரும்பாலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. வெதுவெதுப்பான ஈர மண்ணில் பைட்டோப்தோரா போன்ற வேரழுகல் நுண்ணுயிரிகள் பெருகுகின்றன. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்கள் ஆறாக ஓடியதையும், திருமலைப் பாதைகள் மூடப்பட்டதையும் நினைவில் வைத்திருப்போர், அந்த மழை ஒரு தொட்டிச் செடியை என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். மே மாத வெயிலில் பிழைத்த செடி நவம்பரில் மடிவது இதனாலேயே. ஆகவே இங்கே வகையைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: குளிர் படாமலே பூக்குமா? வெம்மையோடு கலந்த ஈரத்தை ஓரளவேனும் தாங்குமா?

பொட்டலத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

கடைகளிலும் இணையத்திலும் பெரும்பாலும் விற்கப்படுவது ஆங்கில லாவெண்டர். லவாண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்பது அதன் தாவரவியற் பெயர். பதர்வாவில் விளைவது இதுவே. பிரான்சின் புரோவான்ஸ் மலைகளில் உயர்ந்த எண்ணெய் தருவதும் இதுவே. பொட்டலத்தில் மன்ஸ்டெட், ஹிட்கோட் என்ற பெயர்கள் காணப்படும். இரண்டும் இங்கிலாந்தின் புகழ்பெற்ற தோட்டங்களின் பெயர்கள் என்பதே இச்செடி எந்தத் தட்பவெப்பத்தில் பழகியது என்பதைச் சொல்லிவிடும். இதன் விதையை ஈர மணலில் கலந்து சில வாரங்கள் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால்தான் நன்கு முளைக்கும். முளைத்த செடி நல்ல பூ தரவும் ஒரு குளிர்காலம் தேவை. திருப்பதியில் அது வளர்ந்தாலும் இலையோடு நின்றுவிடும். அந்த இலையும் மழைக்காலத்தில் அடியிலிருந்து கருகத் தொடங்கும். முதலாண்டிலேயே பூக்கும் 'லாவெண்டர் லேடி' என்ற வகையை ஜனவரி மாதத்தில் ஒருமுறைப் பூச்செடியாகக் கருதி வளர்க்க விரும்புவோர் முயலலாம். மற்றவர்கள் ஆங்கில லாவெண்டரை விட்டுவிடுவதே நல்லது. மதனப்பள்ளி மேட்டிலோ, 1,200 மீட்டருக்கு மேற்பட்ட ஹார்ஸ்லி மலையிலோ வீடு உள்ளவர்களுக்கு வாய்ப்பு சற்று அதிகம். ஆனால் அங்கும் பனிக்காலம் இல்லை.

அடுத்தது லாவண்டின் எனப்படும் கலப்பினம். ஆங்கில லாவெண்டரும் அகன்ற இலை லாவெண்டரும் கலந்து உருவானது. செடி பெரிது, எண்ணெயும் மிகுதி. 'குரோசோ' இதன் பெயர்பெற்ற வகை. லாவண்டின் மலட்டுச் செடி; விதை பிடிக்காது; தண்டை நறுக்கி நட்டுத்தான் பெருக்க முடியும். ஆகவே 'குரோசோ விதை' என்று எவரேனும் விற்றால், உள்ளே இருப்பது வேறெதுவோதான் என்று உறுதியாகச் சொல்லலாம். இக்குழுவில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து வந்த 'ஃபினாமினல்' ஈரப்பதத்தைத் தாங்கும் வலிமைக்குப் பெயர்பெற்றது. செடியாகக் கிடைத்தால் ஒன்று வாங்கிப் பார்க்கலாம். பூவை மட்டும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

நம் ஊருக்கு உரியவை

சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கு முதலிடம் கொடுக்கத் தக்கது பல்விளிம்பு லாவெண்டர். லவாண்டுலா டென்டாட்டா என்று கேட்டு வாங்க வேண்டும். சாம்பல் கலந்த பச்சை இலையின் இரு ஓரங்களிலும் அரிவாளின் பல்லைப் போன்ற நுண்ணிய வெட்டுகள் வரிசையாக இருக்கும். வேறெந்த வகையோடும் குழப்பிக்கொள்ள முடியாத அடையாளம் இது. வெளிர் ஊதாக் கதிரின் உச்சியில் சிறு குஞ்சம் நிற்கும். குளிர் படாமலே பூக்கும். மிதமான தட்பவெப்பத்தில் ஆண்டின் பெரும்பகுதியும் பூத்துக்கொண்டிருக்கும். இதனையும் கம்பளி இலை லாவெண்டரையும் கலந்து பெற்ற 'குட்வின் கிரீக் கிரே' என்ற வகை வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். இரண்டில் எது கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வாசனைப் புட்டியில் நாம் முகர்ந்து பழகிய இனிய லாவெண்டர் மணம், ஆங்கில வகையில் மிகுந்துள்ள லினலூல், லினலைல் அசிட்டேட் என்னும் பொருள்களிலிருந்து வருவது. பல்விளிம்பு வகையின் இலையைக் கசக்கினால் கர்ப்பூரமும் தைலமும் கலந்த நெடியே முன்னிற்கும். மேலைநாட்டுத் தோட்ட நூல்கள் இதை ஒரு குறையாகச் சொல்வதுண்டு. பச்சைக் கர்ப்பூரத்தைத் தீர்த்தத்திலும் இலட்டிலும் அறிந்த திருப்பதிக்காரர்களுக்கு இது எப்படிக் குறையாகும்? உலர்ந்த இலையைத் துணிப்பையில் கட்டிப் புடவை அடுக்கில் வைக்க இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பதே என் கருத்து.

நிறமே வேண்டும், மணம் பற்றிக் கவலையில்லை என்போருக்குச் சீரக இலை போல் பிளவுபட்ட இலைகளையுடைய இரு இனங்கள் உள்ளன: கேனரித் தீவுகளின் பின்னாட்டா, மேற்கு மத்தியதரைப் பகுதியின் முல்டிஃபிடா. விதையிலிருந்து எளிதாக வளரும், முதலாண்டே பூக்கும், குளிரைக் கேட்காது. ஆனால் முல்டிஃபிடாவின் இலையில் ஓமத்தை நினைவூட்டும் நெடி உண்டு; லாவெண்டர் என்று சொல்லி விருந்தினரிடம் நீட்டினால் ஐயத்தோடு பார்ப்பார்கள்.

முயல் காது போன்ற இரு மடல்கள் உச்சியில் நிற்கும் ஸ்டோக்காஸ் வகை படத்தில் மிக அழகானது. யுனானி மருந்துக் கடைகளில் 'உஸ்துகுத்தூஸ்' என்ற பெயரில் கிடைக்கும் உலர்ந்த பூ இதுவே. இது சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரை விரும்பாது. தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் படலம் படியுமளவுக்கு ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருக்கும் வீடுகளில், பிடித்து வைத்த மழைநீர் இல்லாமல் இதை வளர்ப்பது கடினம்.

லாவெண்டர் முழுக்க அயல்நாட்டுச் செடி என்று எண்ணிவிடவும் வேண்டாம். லவாண்டுலா பைபின்னாட்டா என்னும் இனம் இந்தியத் தீபகற்பத்துக்கே உரியது. மழை ஓய்ந்தபின் தக்காணத்தின் கல்மேடுகளில் வெளிர்நீலப் பூவோடு தானாக நிற்கும். நாற்றுப் பண்ணைகளில் பொதுவாக இதை விற்பதில்லை. இத்தனை மழையையும் வெயிலையும் அறிந்த ஓர் இனம் நம் நிலத்திலேயே இருக்க, அதைத் தோட்டச் செடியாக வளர்த்தெடுக்க யாரும் முனையாதது வருந்தத் தக்கது.

நடும் காலமும் நீர் வார்க்கும் கையும்

விதையைவிடச் செடியாக வாங்குவதே இங்கே சிக்கனம். வாங்குமுன் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகருங்கள். பூங்காக்களில் வரிசையாக நடப்படும் நீலச் சால்வியாவைச் சிலர் லாவெண்டர் என்று விற்பதுண்டு. அதற்கு இந்த மணம் இராது. குளிர்ச்சியான ஊர்ப் பண்ணையிலிருந்து பூவோடு வந்த செடியாயின், நேரே உச்சி வெயிலில் வைக்காமல் பத்து நாள் காலை வெயிலில் மட்டும் பழக்க வேண்டும்.

நடுவதற்கு உகந்த காலம் மழை ஓய்ந்த டிசம்பர் இறுதியும் ஜனவரியும். கோடை வருமுன் வேர் ஊன்ற அவகாசம் கிடைக்கும். ஜூன் மாதத்தில் நடுவோர் அந்த அவகாசத்தை இழக்கிறார்கள். பிளாஸ்டிக் தொட்டியைவிட, பக்கவாட்டில் ஈரத்தை வெளியேற்றும் மண் தொட்டி நல்லது. இப்பகுதியின் செம்மண்ணில் இரண்டு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, பொடி ஜல்லியோ செங்கல் துண்டோ ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு கைப்பிடி போதும். மாடித் தோட்டத்துக்கென விற்கப்படும் தென்னைநார்க் கழிவு மற்றச் செடிகளுக்கு உதவும். ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைப்பதால் இதற்கு உதவாது. மேல் மண்ணை வைக்கோலால் மூடாமல் சிறு கற்களால் மூடினால் அடியிலைகள் உலர்ந்திருக்கும்.

லாவெண்டரும் துளசியும் ஒரே குடும்பத்துச் செடிகள். அதனால்தானோ என்னவோ, துளசி மாடத்துக்கு நாள்தோறும் நீர் வார்க்கும் கை, அருகிலுள்ள லாவெண்டருக்கும் ஒரு செம்பு வார்த்துவிடுகிறது. துளசி அதை ஏற்றுக்கொள்ளும், லாவெண்டர் ஏற்காது. விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் காலையில் நிறைய வார்த்து, வழிந்த நீரைத் தட்டில் தேங்க விடாமல் கொட்டிவிட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலுக்கு மட்டும் நிழல்வலை. அக்டோபரில் முதல் மழைக்கு முன்னரே தொட்டியைத் தாழ்வாரத்துக்கு, காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். நிலத்தில் நட்ட செடிக்கு இந்த வசதி இல்லை. இதனாலேயே முற்றத்தைவிடத் தொட்டியைப் பரிந்துரைக்கிறோம்.

பூத்து முடிந்ததும் பச்சைத் தண்டில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடலாம். இலையற்ற பழுப்புக் கட்டை வரை வெட்டினால் அது மீண்டும் துளிர்ப்பது அரிது. வெட்டிய தண்டுகளில் பூவில்லாதவற்றைத் தேர்ந்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, அடியிலைகளைக் களைந்து, மணலில் ஊன்றி நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். ஆண்டுதோறும் இரண்டு மூன்று இளஞ்செடிகளை இவ்வாறு எடுத்து வைப்பவர், தாய்ச்செடி ஒரு மழையில் போனாலும் மீண்டும் விலை கொடுக்க வேண்டியதில்லை. நம் தட்பவெப்பத்தில் ஒரு செடி சில ஆண்டுகளே நன்றாயிருக்கும் என்று எண்ணிக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்தது.

தொட்டியிலிருந்து நிலத்துக்கு?

மாடியில் நான்கு செடி பூத்தவுடன், 'ஊரில் அரை ஏக்கர் சும்மாதானே கிடக்கிறது' என்ற எண்ணம் சிலருக்கு எழும். அதற்குக் கடன் கிடைக்குமா என்ற கேள்வியும் உடன் எழும். இதில் நிதானம் வேண்டும். பதர்வாவில் வெற்றி பெற்றது செடி மட்டுமன்று. அந்தக் குளிர், விலையின்றி வந்த நாற்று, வயலுக்கு அருகிலேயே வடிகலன், எண்ணெயை வாங்க ஆள் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்து நின்றன. சித்தூரில் முதலாவது இல்லை. அதைப் பணத்தால் வாங்கவும் முடியாது. இங்கே தாக்குப்பிடிக்கும் பல்விளிம்பு வகையோ, வாசனைத் தொழில் தேடி வாங்கும் உயர்தர லாவெண்டர் எண்ணெயைத் தருவதில்லை. சமவெளியில் லாவெண்டர் பயிரிட்டுப் பெருவருவாய் ஈட்டலாம் என்று நாற்று விற்க வருவோரிடம், இதே உயரத்தில் மூன்று மழைக்காலம் கண்ட வயல் ஒன்றைக் காட்டும்படி கேளுங்கள். வடித்த எண்ணெயை யார் வாங்குவார், அது எழுத்தில் உள்ளதா என்றும் கேளுங்கள். இக்கேள்விகளுக்கு விடை வருமுன் முன்பணம் கொடுப்பதோ நிலத்தை அடமானம் வைப்பதோ கூடாது.

மணப்பயிரே வேண்டுமாயின், மல்லிகையும் மருவும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. கோயில் நகரில் மாலைக்குத் தேவையும் குறைவதில்லை. தவனத்தையும் மறந்துவிட வேண்டாம். மாலைகளில் மருவோடு சேர்த்துக் கட்டப்படும் இச்சிறு செடியின் எண்ணெய், உலக வாசனைத் தொழிலுக்குப் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்தே செல்கிறது. நவம்பரில், மழை சற்று விட்ட ஒரு நாளில், நுண்ணிய விதையை மணலோடு கலந்து ஓர் அகன்ற தொட்டியில் தூவினால், பிப்ரவரி இறுதி அல்லது மார்ச்சில் அறுக்கலாம். தாழ்வாரத்தில் லாவெண்டர் மழைக்கு ஒதுங்கியிருக்கும் நாள்களில், மாடியில் அது விட்டுச்சென்ற இடத்துக்கு இது பொருந்தும்.