வலி போன பிறகும்

இடுப்பு பிடித்துக்கொண்டவர் நாற்காலியை விட்டு எழுவதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் இரண்டு கையும் தொடையில் ஊன்றும். மூச்சு நின்றுபோகும். முதுகு துளியும் வளையாமல் ஒரே துண்டாக மேலே வரும். நிமிர்ந்த பிறகும் உடம்பு ஒரு பக்கம் ஒதுங்கியே இருக்கும். கண்ணாடியில் காட்டினால்தான் அவருக்கே தெரியும். நேற்று வரை இல்லாத இந்த அசைவை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வலி வந்த கொஞ்ச நேரத்தில் உடம்பே அதைக் கண்டுபிடித்துக்கொண்டது. எப்படிக் கண்டுபிடிக்கிறது, எதற்காக, வலி போனதும் அந்த மாற்றம் எங்கே போகிறது என்பதை இந்த டீயோடு உட்கார்ந்து பேசலாம். கொஞ்சம் நீளும், அடுத்த டீக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.

பிடிப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது இறுகிய தசை. மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினார்கள். வலி தசையை இறுக்கும், இறுகிய தசைக்கு ரத்தம் சரியாகப் போகாது, அதனால் வலி கூடும், கூடிய வலி மேலும் இறுக்கும் என்று ஒரு சுழல். பின்னாளில் அதிபர் கென்னடியின் வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஜேனட் டிராவல், 1940-களில் இதை எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தசையில் மின்முனை வைத்து இ.எம்.ஜி. பதிவு எடுத்துப் பார்த்தபோது, வலிக்கும் தசை பல நேரங்களில் வழக்கத்தைவிடக் குறைவாகவே வேலை செய்வது தெரிந்தது. 1991-ல் கனடாவின் மான்ட்ரியலில் ஜேம்ஸ் லண்டும் சகாக்களும் தாடை வலி, முதுகு வலி, தலைவலி என்று தனித்தனியாகக் கிடந்த பதிவுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்து வேறொரு விளக்கம் சொன்னார்கள். வலிக்கும் தசை இழுக்க வேண்டிய வேளையில் அதன் இழுவை குறைகிறது. எதிர்ப்புறத் தசை சற்றுக் கூடுதலாகப் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்து அசைவை மெதுவாக்கி, சிறிதாக்கிவிடுகின்றன.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. வலியோடு வருகிறவரை மட்டும் சோதித்தால், வலியால் தசை மாறியதா, தசை மாறியதால் வலி வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதை அவிழ்க்க ஒரே வழி, வலி இல்லாத ஒருவருக்கு அவர் சம்மதத்தோடு வலியை உண்டாக்கிப் பார்ப்பது. உப்பு நீர் அதற்குப் போதும். நம் உடம்புக்கு ஏற்றும் சலைன் 0.9 சதவீத உப்பு கொண்டது. 1938-ல் லண்டனில் கெல்கிரென் என்ற மருத்துவர் 6 சதவீத உப்பு நீரைத் தசைக்குள் செலுத்தி, வலி எங்கெங்கே பரவுகிறது என்று வரைந்து வைத்தார். வலி உடனே கிளம்பும், ஆழமாக இருக்கும், சில நிமிடங்களில் அடங்கிவிடும். டென்மார்க்கின் ஆல்போர்க்கிலும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலும் இன்றைய ஆய்வாளர்கள் அதே முறையைத்தான் கையாள்கிறார்கள்.

பிரிஸ்பேனின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கைலி டக்கர், பால் ஹாட்ஜஸ் ஆகியோர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு முன் தசையின் உள்வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தண்டுவடத்தில் உள்ள ஒரு நரம்பு செல்லும், அது ஆளும் தசை இழைகளும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. கண்ணை நகர்த்தும் நுண்ணிய தசையில் ஓர் அலகுக்குப் பத்து இருபது இழைகள்தான். கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். ஒரு பொருளைத் தூக்கும்போது முதலில் சிறிய அலகுகள் எழும், பாரம் கூடக் கூடப் பெரியவை சேரும். எல்வுட் ஹென்னமன் கண்டறிந்த இந்த வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. டக்கரும் ஹாட்ஜஸும் தொடைத் தசையிலும் கட்டைவிரலை மடக்கும் தசையிலும் நுண்கம்பி செருகி, தனித்தனி அலகுகளின் துடிப்பைக் கேட்டார்கள். ஒரே அளவு விசையைக் கொடுக்கச் சொல்லி, முதலில் வலியில்லாமலும் பிறகு உப்பு நீரின் வலியோடும் பதிந்தார்கள். விசை மாறவில்லை. உள்ளே ஆட்கள் மாறியிருந்தார்கள்: துடித்துக்கொண்டிருந்த சில அலகுகள் அடங்கிவிட்டன, அதுவரை சும்மா இருந்த வேறு சில எழுந்துவிட்டன. வெளியிலிருந்து பார்த்தால் அதே அழுத்தம்தான். அதைத் தரும் இழைகள் வேறு.

இதிலிருந்து 2011-ல் இருவரும் ஒரு கோட்பாட்டைச் சொன்னார்கள். வலி தசையை முழுதாக இறுக்குவதும் இல்லை, முழுதாக அணைப்பதும் இல்லை. வேலையைப் பங்கு மாற்றுகிறது. ஒரு தசைக்குள்ளும் மாற்றும், தசைகளுக்கு இடையிலும் மாற்றும். நோக்கம், வலிக்கும் இடத்தைக் காப்பது. ஒவ்வொருவர் உடம்பும் இதைத் தன் போக்கில் செய்கிறது; அதனால்தான் ஒரே இடுப்பு வலிக்கு ஒருவர் விறைத்து நிற்கிறார், இன்னொருவர் சாய்ந்து நடக்கிறார். இன்றைக்கு இது நன்மை. பல மாதம் நீடித்தால், பாரம் விழக்கூடாத இடத்தில் விழுந்துகொண்டே இருக்கும்.

வலி இல்லாதவராக இருந்தால் இதை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். எழுந்து நின்று, பின்னிடுப்பில் முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்களை வைத்துக்கொண்டு மெல்லக் குனியுங்கள். பாதி வழியில் விரலுக்கடியில் தசை திரண்டு கெட்டியாகும். இன்னும் குனிந்து, கைகள் தளர்ந்து தொங்கும் அடிமட்டத்துக்கு வரும்போது உள்ளே நடப்பது விரலுக்கு அவ்வளவாகத் தெரியாது; மின்பதிவில் தெரியும். அங்கே முதுகுத் தசை வேலையை நிறுத்திவிடுகிறது, கோடு தட்டையாகிறது. மேலுடம்பின் எடையை இணைப்பு நார்களும் நீண்டு விரிந்த திசுக்களும் தாங்கிக்கொள்கின்றன. லண்டனில் ஃபிளாய்டும் சில்வரும் 1950-களின் தொடக்கத்தில் இதைப் பதிந்து காட்டினார்கள். நாள்பட்ட முதுகு வலிக்காரர் பலருக்கு இந்த ஓய்வு கிடைப்பதில்லை. முழுதாகக் குனிந்த பிறகும் தசை பிடித்துக்கொண்டே இருக்கிறது. பிடிக்கும் ஒவ்வொரு கணமும் அது முதுகெலும்புகளை ஒன்றோடொன்று அழுத்தவும் செய்கிறது.

அச்சம் மட்டுமே போதும், இது நடக்க. 2004-ல் பிரிஸ்பேனில் லோரிமர் மோஸ்லியும் ஹாட்ஜஸும் முதுகு வலியே இல்லாதவர்களிடம், முதுகில் வலி வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பை மட்டும் உண்டாக்கிச் சோதித்தபோதே உடற்பகுதித் தசைகள் வேலை செய்யும் விதம் மாறிவிட்டது. ‘தட்டு தேய்ந்துபோச்சு, இனிமே குனியாதீங்க’ என்று ஒருவரிடம் சொல்லி அனுப்புவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசியுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு தரையில் உட்கார்வதை விட்டவர்கள், கோலம் போடுவதை விட்டவர்கள், பேரப்பிள்ளையைத் தூக்குவதை விட்டவர்கள் நம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

சரி, வலி போய்விட்டது. பழைய முறை தானே திரும்பிவிடுமா?

பலருக்குத் திரும்புவதில்லை. கையைச் சட்டென்று முன்னே தூக்கினால் உடம்பின் சமநிலை கலையும். அதனால் தோள் தசைக்கு முன்பே கால் தசையும் உடற்பகுதித் தசையும் தயாராகிவிடுகின்றன. மாஸ்கோவில் 1967-லேயே இதைக் கண்டிருந்தார்கள். வயிற்றின் அடியடுக்கில் குறுக்காகச் சுற்றி ஓடும் ஒரு தசை, நொடியின் நூறில் சில பங்கு நேரம் முன்கூட்டியே எழுந்துவிடுகிறது. 1996-ல் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் முதுகு வலி வந்துபோகும் 15 பேரையும் வலியில்லாத 15 பேரையும் ஒப்பிட்டபோது, வலிக்காரர்களிடம் அந்தத் தசை தாமதமாக எழுந்தது. அதே ஆண்டு பிரிஸ்பேனில் ஜூலி ஹைட்ஸ், முதல்முறையாக முதுகு பிடித்த 39 பேரை அல்ட்ராசவுண்டில் தொடர்ந்து பார்த்தார். முதுகெலும்புக்கு ஒட்டினாற்போல் ஓடும் மல்டிஃபிடஸ் தசை வலித்த பக்கத்தில் மெலிந்திருந்தது. நான்கு வாரத்தில் பெரும்பாலோருக்கு வலி போய்விட்டது. பயிற்சி செய்யாதவர்களுக்குப் பத்தாவது வாரத்திலும் தசை மெலிந்தபடியே இருந்தது. பயிற்சி செய்தவர்களுக்கு மீண்டுவிட்டது. ஓராண்டுக்குள் வலி திரும்பியது முதல் பிரிவில் 84 சதவீதத்தினருக்கு, இரண்டாவதில் 30 சதவீதத்தினருக்கு. சிறிய ஆய்வுதான், ஆனால் வலி நின்றதும் எல்லாம் முடிந்தது என்ற நம்பிக்கையை அது அசைத்தது. வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர்கள் அவர் வேலையைப் பங்குபோட்டுக்கொள்வார்கள். காய்ச்சல் விட்டு எழுந்து வந்தவரிடம் யாரும் வேலையைத் திருப்பித் தரவில்லை என்றால் அவர் ஓரமாகவே உட்கார்ந்திருப்பார். மல்டிஃபிடஸுக்கு நேர்வது ஏறக்குறைய அதுதான்.

முழங்காலில் இது இன்னும் அப்பட்டம். மூட்டுக்குள் நீர் கோத்தால் போதும், வலியே இல்லாவிட்டாலும் தண்டுவடம் தொடைத் தசையை அடக்கிவிடும். அதனால்தான் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு, படுக்கையிலேயே ‘தொடையை இறுக்குங்க, விடுங்க’ என்று பிசியோதெரபிஸ்ட் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சலிப்பாக இருந்தாலும் செய்துவிடுங்கள்.

பயிற்சி உள்ளே எதை மாற்றுகிறது? குயின்ஸ்லாந்தில் ஹென்றி சாவோ மூளையைக் காந்தத் துடிப்பால் தூண்டிப் பார்த்தார். முதுகு வலி வந்துபோகிறவர்களுக்கு, அந்த வயிற்றுத் தசையை ஆளும் பகுதி மூளையின் இயக்கப் புறணியில் இடம் விலகியிருந்தது. அந்தத் தசையை மட்டும் நிதானமாக, கவனத்தோடு இயக்கும் பயிற்சியை இரண்டு வாரம் கொடுத்தபோது அது பழைய இடத்தை நோக்கி நகர்ந்தது. வெறும் நடைப்பயிற்சி செய்தவர்களிடம் நகரவில்லை. இதற்கு முன்பே, அந்தத் தசை தாமதமாக எழுவது தெரியவந்த பிறகு, உலகெங்கும் ஜிம்களிலும் கிளினிக்குகளிலும் ‘கோர்’ பயிற்சி பரவியிருந்தது, வயிற்றை உள்ளிழுத்துப் பிடிப்பதே முதுகுக்கு மருந்து என்றாகியிருந்தது.

ஆனால் நோயாளிக்கு வேண்டியது மூளையின் வரைபடமல்ல, வலியில்லாத நாள். 2016-ல் காக்ரேன் அமைப்பு 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நாள்பட்ட முதுகு வலிக்கு இந்த நுட்பப் பயிற்சி மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானதாகத் தெரியவில்லை. எல்லாமே ஓரளவு உதவின. எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது. எந்தத் தசை எத்தனை நொடி முன்னால் எழ வேண்டும் என்று கவலைப்பட வேண்டியதில்லை. பயிற்சி பல வழிகளில் வேலை செய்கிறது: தசைக்கு வலு தருகிறது, மூளையிலும் தண்டுவடத்திலும் வலியைத் தணிக்கும் உடம்பின் சொந்த ஏற்பாடுகளைத் தூண்டுகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக ‘குனிந்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்ற அனுபவத்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறது. பிடிப்பைத் தளர்த்துவதில் இந்தக் கடைசி ஒன்றுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

வலி புதிதாக வந்த நாள்களில் பயிற்சிக்கு அவசரம் வேண்டாம். 1995-ல் ஹெல்சின்கியில் நகராட்சி ஊழியர்களைப் படுக்கை ஓய்வு, முதுகுப் பயிற்சி, முடிந்தவரை வழக்கமான வேலை என்று மூன்றாகப் பிரித்தார்கள். வழக்கமான வேலையைத் தொடர்ந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள்; படுத்திருந்தவர்கள்தான் கடைசி. ஆனால் காலில் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ கூட வந்தாலோ உடனே மருத்துவரிடம் போய்விட வேண்டும். அங்கே இந்தப் பேச்செல்லாம் பொருந்தாது.

பயிற்சி தொடங்கிய மறுநாள் வரும் வலியும் பலரைப் பயமுறுத்துகிறது. பழக்கமில்லாத வேலையில், அதுவும் மாடிப்படி இறங்குவதுபோல் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும் வேலையில், அது வரும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய்த் தணியும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் அல்ல. அது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடுகிறது. அதே வேலையை அடுத்த வாரம் செய்தால் இந்த வலி வெகுவாகக் குறைந்திருக்கும். முதல் நாளே நிறையச் செய்யாமலிருந்தால் போதும்.

சாவோவின் சோதனையில் மூளையின் வரைபடத்தை நகர்த்தாத அந்த நடைக்கு, பின்னால் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகக் குழு 2024-ல் லான்செட் இதழில் அதை வெளியிட்டது. முதுகு வலி வந்து தேறிய 701 பேர். ஒரு பிரிவினர் பிசியோதெரபிஸ்டின் வழிகாட்டலில் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டினார்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் என்பது ஆறு மாதத்தில் எட்ட வேண்டிய இலக்கு. மற்றவர்களுக்கு எதுவும் தரப்படவில்லை. வலி திரும்ப வர எடுத்த காலம், இடைநிலை அளவில், நடக்காத பிரிவில் 112 நாள், நடந்த பிரிவில் 208 நாள். இவர்கள் யாரும் வலியோடு இருந்தபோது நடக்கத் தொடங்கவில்லை. வலி விட்ட பிறகு, நாம் மாத்திரையையும் பிசியோதெரபியையும் ஒன்றாக நிறுத்திவிடும் அந்த வாரங்களில்தான் தொடங்கினார்கள். உங்களுக்கு இப்போது வலி இல்லை என்றால் அதுதான் நேரம். முதல் வாரத்துக்குப் பத்து நிமிடம் வையுங்கள். தெருக்கோடி வரை போய்த் திரும்பினால் ஆயிற்று.