ஞாயிறு வகுப்பும் நம்ம பிள்ளைகளும்



ஞாயிறு காலையில் பிள்ளைங்க வெள்ளை உடுப்போடு, கையில ஒரு கொப்பியோடு கிளம்புவதை நாம் பார்க்கிறோம். இந்துப் பிள்ளைகள் அறநெறிப் பாடசாலைக்கு, பௌத்தப் பிள்ளைகள் தஹம் பாசலைக்கு, முஸ்லிம் பிள்ளைகள் அஹதிய்யாவுக்கு, கிறிஸ்தவப் பிள்ளைகள் ஞாயிறு பாடசாலைக்கு அல்லது மறைக்கல்விக்குப் போகிறார்கள். இந்தக் கிறிஸ்தவ வகுப்புகளில் பல இடங்களில் சொல்லிக் கொடுப்பது வாத்தியார் அல்ல. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும்தான். “அதுங்களே சின்னப் பிள்ளைங்க, என்னத்தச் சொல்லிக் குடுக்கும்?” என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

எப்படி வந்தது?

1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் ஞாயிறு பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். அந்த ஊரில் குண்டூசி செய்யும் இடங்களில் ஏழைப் பிள்ளைகள் ஆறு நாளும் வேலை செய்தார்கள். ஓய்வு ஞாயிறு மட்டுமே. ஆகவே வேதத்தோடு எழுத்தும் வாசிப்பும் அன்றே சொல்லிக் கொடுக்கப்பட்டன.

நம் நாட்டில் 1854இல், கோப்பிக் காலத்தில், ‘தமிழ் கூலி மிஷன்’ என்று அன்று பெயரிடப்பட்ட பணி தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் போதித்தார்கள். பாடசாலைகளும் வந்தன. 1970களில் தோட்டப் பாடசாலைகள் அரசின் கீழ் வரத் தொடங்கின.

இன்று சமயம், சாதாரண தரப் பரீட்சைக்குக் கட்டாயப் பாடம். ஆனால் ஒரு சமயத்துப் பிள்ளைகள் நாலைந்து பேரே இருக்கும் பாடசாலையில் அதற்கென ஆசிரியர் கிடைப்பது கஷ்டம். கலேவெலயை எடுத்துக்கொள்ளுங்கள். குருநாகல் – தம்புள்ள வீதியில், வயலும் மரக்கறித் தோட்டமும் உள்ள பகுதி அது. சிங்களவரும் முஸ்லிம்களும் கூடுதலாக வாழும் அங்கே தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைகள் சிலரே. இப்படிப்பட்ட இடங்களில்தான் மாணவத் தொண்டர்களின் உதவி பெரிதாகத் தேவைப்படுகிறது.

ஒரு கதை போதும்

நல்ல தொண்டர் கட்டளைகளை மனப்பாடம் செய்ய வைப்பதோடு நிற்கமாட்டார். கதை சொல்லிக் கேள்வி கேட்பார். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் உள்ள திராட்சைத் தோட்டக் கதையைப் பாருங்கள். முதலாளி காலையில் சிலரை வேலைக்குக் கூப்பிடுகிறார். பகலில் சிலர், பொழுது சாயும் நேரத்தில் இன்னும் சிலர். முடிவில் எல்லோருக்கும் ஒரே கூலி.

நம்ம பிள்ளைங்க சும்மா இருக்குமா? “எங்கம்மா காலைல பிரட்டுக்குப் போனாத்தான் முழுப்பேர். நிறுவை கொறைஞ்சா அரைப்பேர். பொழுது சாஞ்சு வந்தவங்களுக்கும் முழுப்பேரா? இது ஞாயமா?” என்று கேட்கும்.

அந்தக் கேள்வியை அடக்கக் கூடாது. பாடமே அங்கேதான் இருக்கிறது. கடைசியாக வந்தவர்கள் சோம்பேறிகள் அல்ல, யாரும் தங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை என்றே கதையில் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் அன்று அடுப்பு எரிய வேண்டும். பேசிய கூலி முதலில் வந்தவர்களுக்கும் குறையவில்லை. உழைப்புக்குரிய கூலியும் வேண்டும், வேலை கிடைக்காதவன் மேல் இரக்கமும் வேண்டும். இரண்டையும் பிள்ளை சேர்த்து யோசிக்கிறது.

பார், சிந்தி, செய்

பெல்ஜியம் நாட்டுக் குருவானவர் ஜோசப் கார்டைன் 1925இல் இளம் தொழிலாளர்களுக்காக ஓர் இயக்கத்தை நிறுவினார். அவர் பரப்பிய வழி இது: சுற்றி நடப்பதைப் பார், அது சரியா என்று சிந்தி, பிறகு உன்னால் முடிந்ததைச் செய். மேலே சொன்ன கதைக்குப் பிறகு பிள்ளைகள் என்ன செய்யலாம்? லயத்தில் தனியாக இருக்கும் ஆத்தாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். விளையாட்டில் யாரும் சேர்க்காத பிள்ளையைக் கூப்பிடலாம்.

பெற்றோர் கவனிக்க

விரும்பிய சமயத்தைக் கொண்டிருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் தருகிறது. எனவே:

– வேறு சமயப் பிள்ளையைப் பெற்றோர் சம்மதமில்லாமல் வகுப்பில் சேர்க்கக் கூடாது. கொப்பி, பிஸ்கட் காட்டி இழுப்பது கற்பித்தல் ஆகாது.

– பிற சமயத்தாரை இழிவாகப் பேசக் கூடாது. கதையில் அடிபட்டவனைத் தூக்கிய சமாரியனே வேறு கூட்டத்தான் என்பதை மறக்க வேண்டாம்.

– வகுப்பு திறந்த இடத்தில், இரண்டு தொண்டர்களோடு நடக்க வேண்டும். பெற்றோர் எப்போதும் வந்து பார்க்கலாம்.

– அடி, ஏச்சு வேண்டாம்.

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். சின்ன வயதுக்காரர்கள் என்பது குறையல்ல. வகுப்பில் பொய் சொல்லாதே என்ற அண்ணன், திங்கட்கிழமை கடையில் கூடுதலாக வந்த மிச்சக் காசைத் திருப்பிக் கொடுப்பதைப் பிள்ளை பார்க்கிறது. அவர் கொடுக்காமல் போனாலும் பார்க்கிறது. நாமும் அப்படித்தான் பார்க்கப்படுகிறோம். ஞாயிறு ஒரு மணி நேரம் அவர்கள் சொல்வதை, மற்ற ஆறு நாளும் வீட்டில் நடந்து காட்ட வேண்டியது நாம்தான்.