ஜூலை 23: பாப்பாரப்பட்டியின் நாள்

‘வரலாற்றில் இன்று’ பகுதிகளில் ஜூலை 23-க்கு இரண்டு பிறந்தநாள்கள் தவறாமல் இடம்பெறும். 1856-ல் ரத்னகிரியில் பிறந்த பாலகங்காதர திலகர். 1906-ல் மத்தியப் பிரதேசத்தின் பாவ்ராவில் பிறந்த சந்திரசேகர ஆசாத். தருமபுரி மாவட்டத்துக்கோ அது நினைவு நாள். 1925-ல் அன்றுதான் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா கண்மூடினார். வயது 40. அந்தப் பட்டியல்களில் அவர் பெயர் விடுபடும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

திலகரையும் சிவாவையும் சேர்த்துப் பார்க்கக் காரணம் உண்டு. தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு மேடையேறி மில் தொழிலாளர்களைத் திரட்டிய சிவாவுக்கு 1908 ஜூலை 7-ல் 10 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. அவருக்கு ஆதரவு கொடுத்ததும் வ.உ.சி. மீதான குற்றங்களுள் ஒன்று! அதே மாதம் 22-ம் தேதி பம்பாயில் திலகருக்கு 6 ஆண்டு. விடிந்தால் அவருக்கு 52 வயது நிறைவு.

தண்டனை குறைக்கப்பட்டு 1912-ல் சிவா வெளியே வந்தார், தொழுநோயோடு. சிறை தந்த நோய் அது. அதையே காரணம் காட்டி அவர் ரயிலேற அரசு தடை விதித்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. புண்ணான கால்களோடு நடந்தார், கட்டை வண்டியில் போனார், ஊர் ஊராகப் பேசினார். வத்தலக்குண்டில் பிறந்தவர் கடைசியில் தங்கிய இடம் பாப்பாரப்பட்டி. அங்கே பாரதாசிரமம் கண்டார். எல்லோரும் வந்து வணங்கப் பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப நினைத்தார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். சுவர் எழும்பவில்லை. 1925 ஜூன் 16-ல் தாஸ் மறைந்தார். ஐந்து வாரம் கழித்து சிவாவும் போய்விட்டார்.

சிவா இறந்த அன்று ஆசாத்துக்கு 19 வயது நிறைந்தது. பதினேழாம் நாள், ஆகஸ்ட் 9 அன்று, லக்னோ அருகே காக்கோரியில் அரசுப் பணம் ஏற்றி வந்த ரயிலை ராம்பிரசாத் பிஸ்மிலின் குழு மறித்தது. அந்தக் குழுவில் ஆசாத்தும் இருந்தார். ரயிலில் ஏறவே கூடாது என்று அரசு விலக்கி வைத்த மனிதரின் உடல் மண்ணுக்குள் போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை.

நேதாஜியின் ராணி ஜான்சி படையை நடத்திய கேப்டன் லட்சுமி மறைந்ததும் ஒரு ஜூலை 23-ல்தான், 2012-ல். அப்போதும் பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்கு ஆலயம் இல்லை. அரசு கட்டிய பாரதமாதா நினைவாலயம் அங்கே திறக்கப்பட்டது 2021-ல். தாஸ் கல் நாட்டி 98 ஆண்டுகள் ஆகியிருந்தன.