பிடி அரிசிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்

மணிமுத்தாறு அணையைப் பார்க்க வருகிறவர்கள் கரைமேல் நின்று தண்ணீரைப் பார்ப்பார்கள். அருவியில் குளிப்பார்கள். கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள்.

இந்த அணை கட்டப்பட்ட காலத்தில் சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரியாக இருந்தவர் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவர்தான் காமராஜர்!

ஒரு பிடி அரிசி

காமராஜர் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந்தேதி விருதுபட்டியில் பிறந்தார். அந்த ஊர்தான் பிற்காலத்தில் விருதுநகர் ஆயிற்று. அவர் பிறந்தபோது அது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா ஏற்பட்ட பிறகுதான் பிரிந்தது. ஆகவே நெல்லைச் சீமைக்கு அவர் அயலார் அல்ல.

அவர் படித்தது விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலையில். அது பிடி அரிசியால் வளர்ந்த பள்ளிக்கூடம். பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். வீடு வீடாக அதைச் சேர்த்து, அந்த வருமானத்தில் பள்ளிக்கூடத்தை நடத்தினார்கள். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்குவதில்லை.

அங்கே நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு மாணவர்களிடம் காசு வசூலித்துப் பூஜை செய்தார்கள். பிரசாதம் கொடுத்தபோது பையன்கள் முண்டியடித்தார்கள். காமராஜர் ஒதுங்கி நின்றார். கடைசியில் அவருக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் பாட்டி பார்வதி அம்மாள், "நீ ஏன் முந்தவில்லை?" என்ற பாவனையில் கேட்டாராம். எல்லோரிடமும் ஒரே காசு வாங்கினால் எல்லோருக்கும் ஒரே அளவு கொடுக்க வேண்டியது கொடுப்பவர் பொறுப்பு அல்லவா என்று பேரன் திருப்பிக் கேட்டாராம்!

நகை போயிற்று, படிப்பும் போயிற்று

தகப்பனார் குமாரசாமி, மகன் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். தாயார் சிவகாமி அம்மாள் நகைகளை விற்றார். அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் கொடுத்து வைத்து, மாதாமாதம் வந்த வட்டியில் குடும்பத்தை நடத்தினார். அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

பள்ளிக்கூடத்தில் சம்பளம் இல்லைதான். ஆனால் வயிறு இருக்கிறதே! காமராஜர் படிப்பை நிறுத்திவிட்டு, மாமா கருப்பையாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார்.

கடையில் இருந்துகொண்டே பத்திரிகை படித்தார். கூட்டங்களுக்குப் போனார். காங்கிரசில் சேர்ந்தார். 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். மொத்தம் சுமார் 9 வருஷங்கள் அவருக்குச் சிறையிலேயே கழிந்தன. பள்ளிக்கூடத்தில் விட்ட படிப்பைச் சிறையில் புத்தகம் படித்து ஈடு செய்துகொண்டார். 1954 ஏப்ரல் 13-ந்தேதி முதல்-மந்திரி ஆனார்.

கடலுக்குப் போன தண்ணீர்

அப்போது மணிமுத்தாற்றுக்கு அணை கிடையாது. மலையில் மழை பெய்தால் வெள்ளம் தாமிரபரணியில் கலந்து கடலுக்குப் போய்விடும். நாங்குநேரி, திருச்செந்தூர் பக்கத்து மக்களோ மானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அணை வேண்டும் என்று விடாமல் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் விடுதலைப் போராட்ட வீரர் கே.டி. கோசல்ராம். 1958-ல் அணை முடிந்தது. நீர்மட்டம் 118 அடி. ஏறக்குறைய 550 கோடி கன அடி தண்ணீர் பிடிக்கும்.

ரெயில்வே கேட்டில் ஒரு சிறுவன்

அணைக்குச் சற்றுக் கிழக்கே தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவி இருக்கிறது. மதிய உணவுத் திட்டத்தின் கதையை இந்த ஊரிலிருந்துதான் பலரும் தொடங்குவார்கள். அங்கே ரெயில்வே கேட் மூடியிருந்ததால் முதல்-மந்திரியின் கார் நின்றதாம். ஆடுமாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையனிடம், ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று காமராஜர் கேட்டாராம். போனால் சோறு கிடைக்குமா என்று பையன் கேட்டுவிட்டானாம்.

வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். துணிக்கடைக்குப் போன அந்த வித்யாசாலை மாணவரால் சிரிக்க முடியுமா?

சென்னை நகரசபைப் பள்ளிகளில் 1920-லேயே நீதிக்கட்சியார் மதிய உணவு போட்டதுண்டு. அதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனவர் காமராஜர். 1956-ல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் திட்டம் தொடங்கியது. கல்வி இயக்குனர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று இதற்காகப் பாடுபட்டார். ஊர் மக்கள் அரிசியும் காய்கறியும் விறகும் கொடுத்தார்கள். பிடி அரிசி மீண்டும் பள்ளிக்கூடத்துக்கு வந்தது!

1982-ல் சத்துணவுத் திட்டமாக இதைப் பெரிதாக்கியவர் எம்.ஜி.ஆர். அவரும் பசியால் பள்ளிக்கூடத்தை விட்டு, நாடகக் கம்பெனிக்குப் போனவர்தான். 1989-க்குப் பிறகு முட்டை வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலைச் சிற்றுண்டியும் தொடங்கியது.

க்ஷத்திரிய வித்யாசாலை விருதுநகரில் இன்றும் நடக்கிறது.