போகலாமா, வேண்டாமா? வேளிக் குட்டி ரயிலும் ஒரு குடும்பத்துக் கணக்கும்

2020-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி, நம் திருவனந்தபுரத்து வேளி சுற்றுலா கிராமத்தில் ஒரு குட்டி ரயில் தொடங்கி வைக்கப்பட்டது. சூரிய ஒளியில் கிடைக்கும் மின்சாரத்தால் ஓடுவது. இந்தியாவிலேயே இவ்வகையில் முதலாவது. பாதையின் நீளம் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர். பழைய நீராவி எஞ்சினைப் போன்ற தோற்றம். புகைபோக்கியிலிருந்து செயற்கைப் புகையும் வரும். கேரள முதலமைச்சர் காணொலி வழியாகத் தொடங்கி வைத்தார். நேரில் வந்து கொடியசைக்க முடியாத காலம் அது.

அந்த டிசம்பரில் சென்னையிலிருந்து என் மகன் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்தான். பேரனுக்கு அப்போது எட்டு வயது. வந்து இறங்கியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா, வேளி ரயிலுக்கு எப்போ போறோம்?" என்பதுதான். இதில் அவனுக்குத் துணை நின்றவர் என் அக்கா. வயது 71. அத்தான் ரயில்வேயில் எஞ்சின் ஓட்டியவர். அவர் மறைந்த பிறகு அக்கா எங்களோடுதான் இருந்தார். "உங்க அத்தான் ஓட்டாத ரயில் ஒண்ணுலயாவது நான் ஏறிப் பார்க்கணும்" என்று சிரிப்பார். என் மனைவிக்குச் சர்க்கரை நோய். எனக்கு வயது 63. போகலாமா, வேண்டாமா என்று முடிவு சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அன்று நான் போட்ட கணக்கை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசர நிலையை 2023 மே 5-ஆம் தேதி முடித்து வைத்துவிட்டது. ஆனாலும் 2018-இல் கோழிக்கோட்டில் வந்த நிபா முதல், அண்மையில் பேசப்படும் அமீபா மூளைக்காய்ச்சல் வரை, நாம் வாழும் இந்த மாநிலத்தில் சுகாதாரக் கட்டுப்பாடு என்பது புதிய செய்தி அல்ல. விடுமுறைக்குக் குழந்தைகள் வருவார்கள்; இதே கேள்வி மறுபடியும் வரும்.

அனுமதி வேறு, பாதுகாப்பு வேறு

ரயில்வேயில் 'காஷன் ஆர்டர்' என்று ஒரு தாள் உண்டு. எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை பாதை பலவீனமாக இருக்கிறது, அங்கே எந்த வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதி, வண்டி ஓட்டுபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். காஷன் ஆர்டர் இருந்தால் பாதை மூடப்பட்டது என்று பொருளில்லை. பாதை நன்றாக இருக்கிறது என்றும் பொருளில்லை. 'போகலாம், ஆனால் இப்படித்தான் போக வேண்டும்' என்பதே பொருள். அந்த வேகத்துக்குள் போகும்போதும் எதிரே மாடு நின்றால் பிரேக் போட வேண்டியவர் ஓட்டுநர்தான்.

கேளிக்கைப் பூங்காக்களுக்கு வந்த அனுமதியும் இப்படிப்பட்டதே. 2020 மார்ச்சில் மூடப்பட்ட அவை அக்டோபர் 15 முதல் திறக்கலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. அதற்கான நடைமுறை விதிகளை மத்திய சுகாதார அமைச்சகம் அக்டோபர் 8-ஆம் தேதி வெளியிட்டது. ஆறடி இடைவெளி, முகக்கவசம், வாசலில் வெப்பச் சோதனை, நீச்சல் குளங்கள் மூடியே இருத்தல், நீர் விளையாட்டுகளில் தண்ணீரை முறையாக வடிகட்டிக் குளோரின் கலத்தல் ஆகியவை அதில் இருந்தன. கேரளத்தில் கடற்கரைகள் நவம்பர் 1 முதல் திறந்தன.

அந்த விதிகளிலேயே இன்னொன்றும் இருந்தது. 65 வயதுக்கு மேற்பட்டோர், நாள்பட்ட நோயுள்ளோர், கர்ப்பிணிகள், 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோர் வீட்டிலேயே இருப்பது நல்லது என்ற அறிவுரை. எங்கள் வீட்டில் வேளிக்குப் போக ஆசைப்பட்ட இருவருமே இந்தப் பட்டியலில் இருந்தார்கள்! பூங்கா திறந்திருக்கிறது என்பது ஊருக்குச் சொன்ன பதில். எங்கள் வீட்டுக்கான பதிலை நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கூட்டம் பெருகினால் ஆபத்து எப்படிப் பெருகும்?

இது பலருக்கும் விளங்காத கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு. ஊரில் 200 பேரில் ஒருவருக்குத் தொற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'இருநூற்றில் ஒன்றுதானே' என்று தோன்றும். நம்மைச் சுற்றி 10 பேர் இருந்தால், அவர்களில் ஒருவருக்காவது தொற்று இருக்க வாய்ப்பு 100-க்கு 5. அதுவே 100 பேர் இருந்தால் 100-க்கு 39. 500 பேர் என்றால் 100-க்கு 92. கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள் 0.995-ஐ அதனாலேயே நூறு முறை பெருக்கி, வரும் விடையை ஒன்றிலிருந்து கழித்துப் பார்க்கலாம்.

பூங்காக்களில் ஆள் எண்ணிக்கையைக் குறைத்ததன் நியாயம் இதுதான். ஷாங்காய் டிஸ்னிலாந்து 2020 மே 11-இல் திறந்தபோது கொள்ளளவில் 30 சதவீதத்துக்கும் குறைவானவர்களையே அனுமதித்தார்கள். கலிபோர்னியா டிஸ்னிலாந்து ஓராண்டுக்கும் மேல் மூடிக்கிடந்து, 2021 ஏப்ரல் 30-இல் 25 சதவீதக் கூட்டத்தோடு, அதுவும் அந்த மாநிலத்தவருக்கு மட்டுமே திறந்தது.

அப்போது தினமும் மாலையில் சொல்லப்பட்ட 'டி.பி.ஆர்.' என்ற எண்ணையும் பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். பரிசோதிக்கப்பட்ட 100 பேரில் எத்தனை பேருக்குத் தொற்று என்பதே அது. பரிசோதனைக்குப் போனவர்களில் பலர் சந்தேகம் இருந்து போனவர்கள். ஆகவே டி.பி.ஆர். 10 என்றால் பூங்காவில் இருக்கும் நூறு பேரில் பத்துப் பேருக்குத் தொற்று என்று கொள்ளக் கூடாது. ஆனால் அந்த எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது முக்கியம். தொற்று உண்டாகி, அறிகுறி தோன்றி, பரிசோதித்து, முடிவு வருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். எண் ஏறிக்கொண்டிருக்கும்போது இன்றைய உண்மை நிலை அறிவிப்பைவிட மோசமாகவே இருக்கும்.

பூங்காவில் ஆபத்து எங்கே இருக்கிறது?

தொடக்கத்தில் நாம் எல்லோரும் கைப்பிடிகளைத் துடைப்பதில்தான் குறியாக இருந்தோம். காய்கறியைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவியவர்கள் உண்டு. பின்னர்தான் இந்நோய் பெரும்பாலும் காற்று வழியே பரவுகிறது என்பது தெளிவாயிற்று. பேசும்போது வெளிவரும் பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். ஆறடி இடைவெளி அதற்காகத்தான். நுண்ணிய துளிகளோ வெகுநேரம் காற்றில் மிதக்கும்.

பூஜை அறையில் ஊதுபத்தி ஏற்றிக் கதவைச் சாத்திப் பாருங்கள். அரைமணி கழித்தும் அறை முழுவதும் மணக்கும். அதே ஊதுபத்தியைத் திண்ணையில் வைத்தால், புகை வந்த இடம் தெரியாமல் போய்விடும். நோய்க்காற்றும் அப்படித்தான். எனவே பூங்காவில் திறந்த வெளியில் சுற்றும் ராட்டினத்தைவிட, அதில் ஏற வரிசையில் நெருங்கி நிற்கும் முக்கால் மணி நேரம் ஆபத்தானது. அதைவிட ஏ.சி. போட்ட சாப்பாட்டுக் கூடம் ஆபத்தானது. அங்கே முகக்கவசத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சன்னலை அடைத்த வேனில் இரண்டு மணி நேரம் போய் வருவதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சத்தமாகப் பேசினாலும் பாடினாலும் கத்தினாலும் துளிகள் பன்மடங்கு அதிகமாக வெளிவரும். 2020-இல் ஜப்பானியப் பூங்காக்களில் ரோலர் கோஸ்டரில் ஏறுபவர்கள் கத்தக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். ஃபுஜி-கியூ ஹைலேண்ட் பூங்காவின் அதிகாரிகள் இருவர் முகக்கவசத்தோடு, முகத்தில் சலனமே இல்லாமல் ரோலர் கோஸ்டரில் போய்வந்து, 'மனத்துக்குள் கத்திக்கொள்ளுங்கள்' என்று படம் எடுத்து வெளியிட்டார்கள். உலகமே சிரித்தது. ஆனால் அதில் விஷயம் இருந்தது.

வாசலில் வெப்பமானி வைத்துப் பார்ப்பதை நம்பி ஏமாறக் கூடாது. அது காய்ச்சலை மட்டுமே காட்டும். இந்நோயோ அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாட்களுக்கு முன்பே பிறருக்குப் பரவும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. போதிய குளோரின் கலந்த நீரில் கொரோனாக் கிருமி செயலிழந்துவிடும். ஆனால் இன்று நாம் தண்ணீரைக் கவனிக்க வேறு காரணம் இருக்கிறது. அமீபா மூளைக்காய்ச்சல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவதில்லை; கிருமியுள்ள நீர் மூக்கு வழியே ஏறுவதால் வருகிறது. மிக அரிதானது; ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது. 2025 செப்டம்பரில் ஆக்குளம் சுற்றுலா கிராமத்து நீச்சல் குளத்தில் குளித்த ஒரு சிறுவனுக்கு இந்நோய் கண்டதும் அந்தக் குளத்தை மூடினார்கள். எனவே எந்த நீர்விளையாட்டு இடத்துக்குப் போனாலும், "இன்று குளோரின் அளவு பார்த்தீர்களா? குறிப்பேடு இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். குழந்தைகளுக்கு மூக்குக் கிளிப் போட்டுவிடுவதும் நல்லது.

நாங்கள் கேட்டுக்கொண்ட ஐந்து கேள்விகள்

அந்த டிசம்பரில் ஒரு தாளில் இவற்றை எழுதினேன்.

1. வீட்டில் மிகப் பலவீனமானவர் யார்? அவர் பூங்காவுக்கு வராவிட்டாலும், போய் வந்தவர்கள் அவரோடுதானே இருக்கப் போகிறார்கள்?

2. மாவட்டத்தில் தொற்று ஏறுகிறதா, இறங்குகிறதா?

3. எவ்வளவு நேரம், எவ்வளவு கூட்டத்தில், திறந்த வெளியிலா, அடைத்த இடத்திலா?

4. விதிகளை அங்கே உண்மையாகவே கடைப்பிடிக்கிறார்களா?

5. தள்ளிப் போடலாமா? தள்ளிப் போட்டால் எதை இழப்போம்?

முதல் கேள்விக்கு அக்காவும் என் மனைவியும் என்பது விடை. இரண்டாவதற்கு, கிறிஸ்துமஸ் கூட்டத்துக்குப் பிறகு ஏறலாம் என்ற அச்சம். மூன்றாவதற்கு, ரயிலில் ஆபத்து குறைவு. விடுமுறைக் கூட்டத்தில் வரிசையில் நிற்பதுதான் ஆபத்து. நான்காவதற்கு நிச்சயமான விடை கிடைக்கவில்லை. ஐந்தாவதற்கு, 'தடுப்பூசி வரப் போகிறது. சில மாதங்கள் பொறுத்தால் போகலாம். ரயில் எங்கே ஓடிவிடப் போகிறது?' என்று எழுதினேன்.

வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதற்குப் பதிலாக ஒருநாள் அதிகாலை, ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன், எல்லோரும் காரில் கடற்கரைக்குப் போய், சூரியன் உதிப்பதைப் பார்த்து, ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன காப்பியைக் குடித்துவிட்டு எட்டு மணிக்குள் திரும்பினோம். பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அக்கா அவனைச் சமாதானப்படுத்தி, "அடுத்த லீவுக்கு நாம ரெண்டு பேரும் முன் சீட்டு" என்றார்.

2021 மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. நாங்கள் மூவரும் போட்டுக்கொண்டோம். ஆனால் அடுத்த விடுமுறைக்குள் இரண்டாம் அலை வந்துவிட்டது. மே 8-ஆம் தேதி கேரளம் முழுவதும் ஊரடங்கு. மே 12-ஆம் தேதி ஒரே நாளில் இம்மாநிலத்தில் 43 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியாயிற்று. மகன் வரவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் விடியற்காலையில் அக்கா மாரடைப்பால் காலமானார். கொரோனா அல்ல. பரிசோதித்துப் பார்த்தும் இல்லை என்றே வந்தது.

அன்று எடுத்த முடிவு தவறா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அன்று தெரிந்தவற்றை வைத்துப் பார்த்தால் கணக்கு சரிதான். தடுப்பூசி இல்லாத நிலையில் 71 வயதுக்காரரைக் கூட்டத்தில் நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் ஐந்தாவது கேள்விக்கு நான் எழுதிய விடை அவசரப்பட்டது. 'போனால் என்ன ஆகும்' என்பதை நான்கு கேள்விகளில் அலசிய நான், 'போகாவிட்டால் என்ன ஆகும்' என்பதற்கு ஒரே வரியில் பதில் எழுதிவிட்டேன். ரயில் ஓடிவிடாது என்பது உண்மை. ஏற இருந்தவர் காத்திருப்பாரா என்று யோசிக்கவில்லை. கொஞ்சம் முயன்றிருந்தால் ஒரு வேலை நாளில், கூட்டமில்லாத நேரத்தைத் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டு, அக்காவை மட்டுமாவது அழைத்துப் போயிருக்கலாம். முழுதாக மூடுவதற்கும் முழு வேகத்தில் போவதற்கும் நடுவே மெதுவாகப் போவது என்று ஒன்று இருப்பதை, காஷன் ஆர்டர் எழுதிய நானே மறந்துவிட்டேன்.

ஆகவே அன்பர்களே, இனி இப்படி ஒரு காலம் வந்தால், ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். ஐந்தாவதை முதலில் கேளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்காக முடிவெடுக்காமல், அவர்களையும் உட்கார வைத்துக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். நான் அக்காவிடம் முடிவைத்தான் சொன்னேன், கணக்கைக் காட்டவில்லை. எஞ்சின் டிரைவரின் மனைவி அவர். காட்டியிருந்தால் என்னைவிட நன்றாகவே புரிந்துகொண்டிருப்பார்.