கட்டியது 588 ரூபாய், பறிபோக இருந்தது 40 ஆயிரம்!
செல்போன் பில் கட்டப்போன பெரியவருக்கு நேர்ந்த கதி

சென்னை,

குரோம்பேட்டையில் ஒரு பெரியவர். வயது 67. தனியார் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். "பேரு மட்டும் போடாதீங்க தம்பி, சொந்தக்காரங்க சிரிப்பாங்க" என்று கேட்டுக்கொண்டார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. அவருடைய மனைவியின் செல்போன் திடீரென்று ஊமையாகிவிட்டது. யாருக்கு போட்டாலும் போகவில்லை. "பில் பாக்கி இருக்கிறது" என்று ஒரு பெண் குரல் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது.

சாதாரண நம்பரா அது? காஸ் சிலிண்டர் பதிவு அதில். ரேஷன் கார்டு அதில். ஆதார், பாங்கி கணக்கு, கண் ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் அதில். அந்த அம்மாளுக்கு இரண்டு வாரத்தில் கண் ஆபரேஷன். தேதியை எஸ்.எம்.எஸ்.சில் சொல்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் கூறியிருந்தார்கள்.

காரணம் என்ன?

பில் கட்டி வந்தது அமெரிக்காவில் இருக்கும் மகன். 'ஆட்டோ பே' போட்டு வைத்திருந்தார். மாதம் பிறந்தால் கிரெடிட் கார்டில் இருந்து பணம் தானாகப் போய்விடும். அந்தக் கார்டு காலாவதியாகி, புது கார்டு வந்துவிட்டது. பழைய கார்டில் இருந்து பணம் போகவில்லை. பில் வருவதோ மகனின் இ-மெயிலுக்கு. அவரும் கவனிக்கவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது. லைன் 'கட்'!

முதலில் வெளியே பேச முடியாது. அப்படியே விட்டால் உள்ளே வரும் பேச்சும் நிற்கும். அதற்கும் அசையாவிட்டால் நம்பரே போய்விடும். ரத்தான நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்க கம்பெனிக்கு உரிமை உண்டு. அப்புறம் உங்கள் பாங்கி அனுப்பும் ரகசிய எண் யாரோ ஒருவர் சட்டைப் பையில் மணி அடிக்கும்!

அடுத்தவர் பில்லை நாம் கட்டலாமா?

அமெரிக்காவில் அப்போது ராத்திரி. மகனை எழுப்ப பெரியவருக்கு மனசு இல்லை. 'நாமே இந்த ஒரு தடவை கட்டிவிடலாம்' என்று கிளம்பினார். ஆனால் ஒரு சந்தேகம். சிம் மனைவி பெயரில். கார்டு மகனுடையது. பணம் கட்டப்போவது இவர். வாங்குவார்களா?

தாராளமாக வாங்குவார்கள். பில் பாக்கியை யார் வேண்டுமானாலும் கட்டலாம். செல்போன் நம்பர் தெரிந்தால் போதும். பாஸ்வேர்டு வேண்டாம், ஆதார் வேண்டாம். கம்பெனி ஷோரூமில் ரொக்கமாகக் கட்டலாம். கம்பெனியின் சொந்த ஆப்பில் கட்டலாம். 'பாரத் கனெக்ட்' என்ற ஏற்பாடு வழியாகவும் கட்டலாம். முன்பு 'பாரத் பில் பேமெண்ட் சிஸ்டம்' என்று இருந்ததற்கு 2024-ல் வைத்த புதுப் பெயர்தான் இது. பாங்கி ஆப், பணம் அனுப்பும் ஆப் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. நம்பரைத் தட்டினால் பாக்கித் தொகை தானே வந்து நிற்கும். பெரும்பாலும் பில் யார் பெயரில் என்பதும் தெரியும். அந்தப் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைத் தள்ளுவது புத்திசாலித்தனம். ஒரு நம்பர் மாறினால் ஊரில் யாரோ ஒரு புண்ணியவானின் பில்லை நாம் கட்டியிருப்போம்!

பெரியவர் தட்டினார். 588 ரூபாய் 82 காசு என்று வந்தது. "499 ரூபாய் பிளான்னுதானே பையன் சொன்னான்?" என்று அவருக்கு ஒரு குழப்பம். கணக்கெழுதிய கை அல்லவா, உடனே பேப்பர் எடுத்துப் போட்டுப் பார்த்தார். 499-க்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 89 ரூபாய் 82 காசு. கூட்டினால் சரியாக வருகிறது. (சில ஆப்களில் இதற்கு மேல் 'பிளாட்பாரம் கட்டணம்' என்று ஒன்றிரண்டு ரூபாய் பிடிப்பதும் உண்டு. ரெயிலே வராத பிளாட்பாரம்!)

ரகசிய எண்ணைப் போட்டார். பாங்கியில் இருந்து பணம் போனதாகச் செய்தி வந்தது. ஆனால் ஆப்பில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பில் பாக்கி அப்படியே நின்றது. அரை மணி நேரம் ஆயிற்று. பெரியவருக்கு வேர்த்துவிட்டது.

கஸ்டமர் கேர் ஆசாமி

இங்கேதான் அவர் அந்தத் தப்பைச் செய்தார். கம்பெனியின் 'கஸ்டமர் கேர்' நம்பரை இன்டர்நெட்டில் தேடினார். முதலில் வந்த நம்பருக்குத் தன் போனில் இருந்து பேசினார்.

எடுத்த உடனேயே ஆள் பேசினான். தேன் ஒழுகும் குரல். அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம்! உண்மையான கஸ்டமர் கேர் என்றால் "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று கால் மணி நேரம் பாட்டு போடாமல் ஆளை விடுவார்களா?

அவன் கூறியதாவது:-

"கவலைப்படாதீங்க சார். உங்க பணம் சர்வர்ல மாட்டிக்கிட்டிருக்கு. நான் ஒரு ஆப் பேரு சொல்றேன், அதைப் போடுங்க. அதுல ஒரு நம்பர் வரும், அதை மட்டும் எனக்குச் சொல்லுங்க. மீதியை நாங்களே சரி பண்ணிடறோம். நீங்க சும்மா பத்து ரூபாய் அனுப்பிப் பார்த்தா போதும்."

அது என்ன ஆப்? நம் போன் திரையை இன்னொருவன் உட்கார்ந்த இடத்தில் இருந்தே பார்க்க வழி செய்யும் ஆப். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர்களுக்காக வந்தது. வஞ்சகர்களுக்கும் வசதியாகப் போய்விட்டது. நாம் பத்து ரூபாய் அனுப்பத் தட்டும் ரகசிய எண், பாங்கியில் இருந்து வரும் ஓ.டி.பி., இவற்றையெல்லாம் அவன் வேவு பார்க்க இது போதும். அப்புறம் கணக்கைத் துடைக்க எவ்வளவு நேரம்?

பெரியவர் கணக்கில் அன்றைக்கு இருந்தது 40 ஆயிரம் ரூபாய். மனைவியின் கண் ஆபரேஷனுக்காக ஒதுக்கிய பணம்.

பாய்ந்து வந்த பையன்

நல்ல காலம், பெரியவருக்கு ஆப் போடத் தெரியவில்லை. லைனில் ஆளை வைத்துக்கொண்டே, தெருமுனையில் உள்ள ரீசார்ஜ் கடைக்கு நடந்தார். அங்கே வேலை பார்க்கும் பையனுக்கு 22 வயது. "தம்பி, இந்த ஆப்பைக் கொஞ்சம் போட்டுக் குடுப்பா" என்று நீட்டினார்.

பையன் பெயரைப் படித்தான். அடுத்த நிமிடம் போனைப் பிடுங்கி லைனைத் துண்டித்தான்.

"என்ன சார் இது! பணம் மாட்டிக்கிட்டா அது தானா வரும் சார். இவன்கிட்ட போனா மொத்தமும் போயிரும்!"

அந்த ஆசாமி விடவில்லை. நாலு தடவை திருப்பிக் கூப்பிட்டான். நாலாவது தடவை பையனே எடுத்தான். பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

பணம் தானா வருமா?

வரும். பையன் சொன்னது சட்டப்படியும் சரி. 2019 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி ஓர் உத்தரவு போட்டது. கடைக்கோ கம்பெனிக்கோ யு.பி.ஐ.யில் கட்டிய பணம் நம் கணக்கில் கழிந்து, அங்கே போய்ச் சேராவிட்டால், 5 நாளுக்குள் தானாகத் திருப்பி வரவு வைக்க வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு.

செய்ய வேண்டியது ஒன்றுதான். பணம் கட்டிய அதே ஆப்பில், அந்தக் கணக்குக்குள் போய், நிலவரம் என்ன என்று பார்க்க வேண்டும். பரிவர்த்தனை எண் ஒன்று இருக்கும். அதைக் குறித்து வைத்து, அங்கேயே புகார் கொடுக்கலாம். கம்பெனி நம்பர் வேண்டும் என்றால் பழைய பில்லிலோ, கம்பெனியின் சொந்த ஆப்பிலோ இருக்கும். தேடி எடுக்கும் நம்பரில் எவன் உட்கார்ந்திருப்பான் என்று யார் கண்டது!

"அதுவரைக்கும் லைன் இல்லாம எப்படிப்பா?" என்று பெரியவர் கேட்டார்.

"ஷோரூமுக்குப் போய் ரொக்கமா கட்டிருங்க சார். முதல்ல கட்டினதும் போய்ச் சேர்ந்துட்டா, அடுத்த மாச பில்லுல கழிச்சுக்குவாங்க. நஷ்டமில்ல."

பெரியவர் அப்படியே செய்தார். ரசீது வாங்கினார். சாயங்காலம் லைன் வந்தது. ஆப்பில் கட்டிய பணம் மூன்றாம் நாள் பாங்கிக்கே திரும்பிவிட்டது.

இது பிழைத்த கதை. பிழைக்காதவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற நம்பரைக் கூப்பிட வேண்டும். சைபர் குற்றப் புகாருக்கான நம்பர் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கைமாறும் முன் மடக்க அவ்வளவு வாய்ப்பு.

ஒரு தடவை என்றால் ஒரு தடவைதானா?

இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. தியாகராயநகர் ஜவுளிக்கடை சிப்பந்தி ஒருவர், கஷ்டத்தில் இருந்த நண்பரின் பில்லை ஒரு தடவை கட்டினார். அவசரத்தில் திரையில் இருந்த சின்ன கட்டத்தைக் கவனிக்கவில்லை. 'மாதந்தோறும் தானாகக் கட்டு' என்ற அந்தக் கட்டத்தில் ஏற்கனவே 'டிக்' இருந்தது. சம்மதம் கொடுத்து ரகசிய எண்ணையும் போட்டுவிட்டார். அடுத்த மாதம் நண்பரின் பில்லுக்கு இவருடைய கணக்கில் கை வைக்கப் போவதாகச் செய்தி வந்தது!

இப்படித் தானாக எடுக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. 2021 அக்டோபர் முதல் கார்டுகளுக்கு இது கண்டிப்பாக்கப்பட்டது. ஆனால் 15 ஆயிரம் ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள். ஆகவே அந்த முன் தகவலைப் படிக்காமல் தள்ளிவிட்டால் பணம் போனதுதான். சிப்பந்தி படித்தார். ஆப்பில் 'ஆட்டோ பே' பகுதியைத் தேடிப் பிடித்து ரத்து செய்தார். "பிரண்டுகிட்ட இன்னும் சொல்லலை சார், தப்பா நினைச்சுக்குவான்" என்கிறார்.

"இன்று இரவு 9 மணிக்குள் பில் கட்டாவிட்டால் சிம் கட்" என்று வரும் செய்திகள் வேறு ரகம். கீழே ஒரு லிங்க் இருக்கும். பாக்கி நிஜமாகவே இருக்கலாம். அதற்காக அந்த லிங்க் வழியாகப் போய்க் கட்ட வேண்டியது இல்லை.

அந்தக் காலத்தில்...

1995-ல் இந்தியாவில் செல்போன் வந்தபோது, நமக்கு வரும் அழைப்பை எடுத்தாலே காசு. 2003 மே மாதம்தான் கூப்பிடுகிறவர் கொடுத்தால் போதும் என்றார்கள். அப்போதெல்லாம் பில் கட்ட கவுண்டரில் கால்கடுக்க நிற்க வேண்டும். நின்றாலும், உள்ளே இருப்பவர் 'டக்'கென்று ரப்பர் ஸ்டாம்பு அடிக்கும் சத்தம் கேட்டால் ஒரு நிம்மதி. இப்போது கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே, மின்சார ரெயிலில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டே கட்டிவிடுகிறோம். அந்த 'டக்' மட்டும் கேட்பதில்லை.

குரோம்பேட்டை பெரியவர் இப்போது பில் தேதியைச் சுவரில் உள்ள தினசரி காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். மகன் புது கார்டில் மறுபடி ஆட்டோ பே போடுகிறேன் என்றாராம். "வேணாம்டா, நானே மாசா மாசம் பார்த்துக் கட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

அம்மாளுக்குக் கண் ஆபரேஷன் போன வாரம் முடிந்தது. தேதி சொல்லி எஸ்.எம்.எஸ். அந்த நம்பருக்குத்தான் வந்தது.

ரீசார்ஜ் கடைப் பையனிடம், "40 ஆயிரத்தைக் காப்பாற்றினாயே, என்ன கொடுத்தார்?" என்று கேட்டோம்.

"டீயும் பஜ்ஜியும் வாங்கிக் குடுத்தார் சார். பத்து ரூபா சில்லறை பாக்கி இருந்துச்சு, அதைக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டார்" என்று சிரித்தான்.