மாரடிக்கும் தாளம்

போடிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்து ராசிங்காபுரத்தில் ஒரு கேத வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் தோள்மேல் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள். ஒருத்தி அடியெடுக்கிறாள். அடியின் கடைசி அசை விம்மலாக நீள்கிறது. அது அடங்குமுன் மற்றவர்கள் சேர்ந்து இழுக்கிறார்கள். அந்தச் சில நொடிகளில் அவள் மூச்சு வாங்கி, அடுத்த அடியையும் மனத்தில் கட்டிவிடுகிறாள். ஒத்திகையே இல்லாமல் அழுகை அறுபடாமல் ஓடும் சூட்சுமம் இதுதான்.

இதே சூட்சுமத்தை நம்பி, கி.மு. 415இல் ஏதென்ஸில் ஒரு நாடகம் அரங்கேறியது. குன்றின் சரிவுதான் பார்வையாளர் இருக்கை. யூரிப்பிடிஸ் எழுதிய அந்த நாடகத்தின் பெயர் 'டிரோஜன் பெண்கள்'. டிராய் நகரம் வீழ்ந்துவிட்டது, ஆண்கள் மாண்டுவிட்டார்கள். அரசி ஹெகுபா உட்பட, மிஞ்சிய பெண்களை வென்றவர்கள் அடிமைகளாகப் பங்கு போடுகிறார்கள். மேடையில் சண்டை கிடையாது. கதையை நகர்த்துவது அழுகை.

அந்த அரங்கின் சிக்கனம் வியப்பூட்டும். பேசி நடிப்பவர்கள் மூன்றே பேர். முகமூடி மாற்றி எல்லா வேடங்களையும் அவர்களே ஏற்பார்கள். உடன் பாடி ஆடும் 'கோரஸ்' குழுவில் 15 பேர். ஏலக்காட்டுக்குப் போகும் ஒரு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிவிடலாம்! பக்க வாத்தியம் 'அவுலோஸ்' என்ற இரட்டைக் குழல். நாகசுரத்துக்குச் சீவாளி போல அதற்கும் நாணலில் செய்த ஊதுவாய் உண்டு.

நடிகரும் கோரஸும் மாறி மாறிப் புலம்பும் பாட்டுக்குக் கிரேக்கர் வைத்த பெயர் 'கொம்மோஸ்'. அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் அடித்தல், அதாவது மாரடித்தல். நம்மிடமும் மாரடிப் பாட்டு இருக்கிறது. துக்கத்தில் குரல் உடையும். ஆனால் மார்பில் விழும் கை காலம் தப்பாது. அந்த அடிதான் பல குரல்களை ஒன்றாகக் கட்டிப்பிடிக்கும் தாளம்.

இன்றைய மேடையில் கிரேக்க நாடகம் தடுமாறுவது கோரஸில்தான். பத்துப் பதினைந்து பேர் ஒரே குரலில் பாடினால் இன்றைய பார்வையாளருக்குச் செயற்கையாகத் தோன்றும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறைப் பேராசிரியராக இருந்த சே. இராமானுஜம் இந்த முடிச்சை அவிழ்த்தார். 'டிரோஜன் பெண்க'ளை 'வெறியாட்டம்' என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தபோது, கோரஸின் இடத்தில் ஒப்பாரியை வைத்தார். சாவு நடந்த இடத்தில் பெண்கள் ஏன் சேர்ந்து பாடுகிறார்கள் என்று எந்தத் தமிழரும் கேட்கமாட்டார்.

தலைப்பிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. முருகேறிய வேலன் என்ற பூசாரி ஆடியதைச் சங்கப் பாடல்கள் வெறியாட்டு என்கின்றன. கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் அரங்கேறியதும் டயோனிசஸ் என்ற, வெறிக்கும் களிப்புக்கும் உரிய தெய்வத்தின் திருவிழாவில்தான்.

சுமார் 2,400 ஆண்டுப் பழைய நாடகத்துக்கு உயிர் கொடுக்கும் கலை நம் பாட்டிகளின் தொண்டையில் இருக்கிறது. ஒப்பாரி தெரிந்த பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சம்மதித்தால் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். எழுதிவைக்காத பாட்டு, பாடுகிறவரோடு போய்விடும்.